எழுபத்து மூன்று குடைகளும் இரண்டு முழங்கால்களும்

பேருந்து நிலையத்தில் எதையாவது தொலைத்தவர்கள் முதலில் தங்கள் பையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். பிறகு பக்கத்தில் நிற்பவரை முறைத்துப் பார்ப்பார்கள். கடைசியில்தான் எட்டாவது நடைமேடைக்குப் பின்னால் இருக்கும் அந்த நீளமான அறைக்கு வருவார்கள்.

கதவில் ‘தொலைந்த பொருள்கள்’ என்று எழுதியிருக்கும். உள்ளே ஏழு வரிசை இரும்பு அலமாரிகள். அவற்றில் எழுபத்து மூன்று குடைகள், நாற்பது சாப்பாட்டு டப்பாக்கள், இடது கால் செருப்பு மட்டும் பதினொன்று, ஒரு பறவைக் கூண்டு, ஒரு பொய்ப்பல் செட். பல்லை விட்டுவிட்டு ஒருவர் எப்படி வீடு வரை போனார் என்பது இன்று வரை யாருக்கும் புரியவில்லை.

இத்தனைக்கும் பொறுப்பு ஒரே ஒருவர். வயது அறுபத்திரண்டு. நிலையத்தில் எல்லோருக்கும் அவர் குடை மாமா.

கொக்கிக்கும் அவர் குடை மாமாதான்.

கொக்கி பத்து வயதுப் பெண். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறொரு பெயர் இருந்தது. அதை வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும்தான் யாராவது கூப்பிடுவார்கள். கை எட்டாத இடத்தில் ஒரு பொருள் இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. ஒரு கம்பியை வளைப்பாள், ஒரு கயிற்றைக் கட்டுவாள், இழுத்துவிடுவாள். அதனால் வந்த பெயர்.

அவளுடைய அம்மாவுக்கு மூன்றாம் எண் டிக்கெட் கவுன்டரில் வேலை. முடிய ஆறு மணி ஆகும். அதுவரை கொக்கி குடை மாமாவின் அறை மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அல்லது எழுதுவது போல் இருப்பாள்.

குடை மாமாவிடம் அவளுக்கு ரொம்பப் பிடித்தது, அவர் தன் முழங்கால்களோடு பேசுவதுதான். வலது காலுக்குப் ‘பெரியவன்’ என்று பெயர் வைத்திருந்தார். இடது கால் ‘சின்னவன்’.

யாராவது வந்து கவுன்டரில் நின்றால் போதும், மாமா நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொல்வார்.

“டேய் பெரியவனே, ஆள் வந்திருக்காங்க. எழுந்திருடா.”

‘கடக்’ என்று ஒரு சத்தம் வரும்.

“சின்னவனே, நீயும்தான். தூங்கினது போதும்.”

‘கடக், கடக்.’

“பார்த்தியா, எப்பவும் ரெண்டு வார்த்தை பேசுவான் இவன்” என்பார் மாமா.

வந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கொக்கி மாமாவின் முகத்தையும் பார்ப்பாள். சிரிக்கும்போதே அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் கேட்டே விட்டாள். “ரொம்ப வலிக்குதா மாமா?”

“வயசான கதவு கிறீச்னு கத்தாதா? அந்த மாதிரிதான். காலையில எழுந்ததும் ரெண்டு பேரும் மரக்கட்டை மாதிரி கிடப்பானுங்க. மத்தியானம் கொஞ்சம் தேவலை. நான் என்ன பண்றது, ஏழாவது வரிசைக்கு ஒரு நாளைக்கு நாற்பது தடவை போகணுமே.”

நாற்பது தடவை! கொக்கியின் கை அந்த நிமிடமே கயிற்றைத் தேடத் தொடங்கியது.

மூன்று நாளில் வேலை முடிந்துவிட்டது. உடைந்த பெட்டிகளின் சக்கரங்களைக் கழற்றி அலமாரிகளின் உச்சியில் மாட்டினாள். அவற்றின் மேல் ஒரு நீண்ட கயிறு, அறையைச் சுற்றிவந்து மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் முடிந்தது. கயிற்றில் குடைகள், டப்பாக்கள், பைகள் எல்லாம் வரிசையாகத் தொங்கின. கயிற்றை இழுத்தால் பொருள்கள் ஊர்வலமாக நகர்ந்து வரும். கயிறு எட்டாத இடத்துக்கு, நுனியில் கொக்கி வைத்த ஒரு நீளக் கழி.

“இனிமே நீங்க எழுந்திருக்கவே வேண்டாம் மாமா!”

நிலையமே வந்து வேடிக்கை பார்த்தது. “ராஜா மாதிரி உட்கார்ந்துட்டீங்களே அண்ணே!” என்றார் கொக்கியின் அம்மா. பஸ் கழுவுகிறவர் ஒரு குடையைத் தொலைக்காமலே, சும்மா கயிறு இழுப்பதைப் பார்க்க இரண்டு தடவை வந்தார்.

மாமாவும் ராஜாவாகத்தான் இருந்தார். ஆறு வாரம்.

அந்த ஆறு வாரத்தில் ஒரு விஷயத்தைக் கொக்கி கவனித்தாள். முன்பெல்லாம் மத்தியானம் ஆனால் மாமாவின் நடை கொஞ்சம் சரியாகும். இப்போது ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும்போதும் அவர் மரக்கட்டை போலவே எழுந்தார். பெரியவனும் சின்னவனும் வாய் ஓயாமல் ‘கடக் கடக்’ என்றார்கள்.

‘குளிராக இருக்குமோ’ என்று நினைத்தாள். தன் கயிறு காரணமாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை, ஒரு பெண் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

“பச்சை டிரங்குப் பெட்டி! காலையில விட்டுட்டேன். என் பஸ் கிளம்பப் போகுது, சீக்கிரம்!”

பச்சைப் பெட்டி ஏழாவது வரிசையில் இருந்தது. கயிறு அதைத் தாங்காது. கழியால் இழுக்க முடியாது. மாமா நாற்காலியின் கைகளைப் பிடித்தார்.

“பெரியவனே…”

கால் நீளவில்லை. மாமா பாதி எழுந்து, பாதி உட்கார்ந்து, நாற்காலிக்கும் கவுன்டருக்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டார். நெற்றியில் வேர்வை பூத்தது.

“நான் எடுத்துட்டு வரேன்!” என்று கொக்கி ஓடினாள். பெட்டியை அவளால் அசைக்கக்கூட முடியவில்லை. மாமா அலமாரிகளைப் பிடித்துப் பிடித்து ஏழாவது வரிசைக்கு வந்து சேர்வதற்குள் வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. பஸ் போய்விட்டது. அந்தப் பெண் எதுவும் திட்டவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் டக் டக் என்று செருப்புச் சத்தம். நிலைய மேலாளர் வந்தார். அவர் வருவது எப்போதும் அவருடைய செருப்பு சொல்லித்தான் தெரியும். அவர் குரலை உயர்த்தவில்லை.

“எவ்வளவு நாளா இப்படி இருக்கு?”

“கொஞ்ச நாளாதான் மேடம்.”

“இப்படி நீங்க கஷ்டப்படறதைப் பார்த்துட்டு நான் சும்மா இருக்க முடியாது. மேல ஆபீஸ்ல பஸ் பாஸுக்கு முத்திரை குத்தற வேலை காலியா இருக்கு. நாள் பூரா உட்கார்ந்த வேலை. அங்க மாத்திடறேன்.”

மாமாவின் முகம் வாடியது. “மேடம், அங்க ஒரு ஜன்னல்கூட இல்ல. யாரும் வரமாட்டாங்க. இங்கதான் மேடம்… ஒரு பொருள் திரும்பக் கிடைக்கும்போது அவங்க முகம் மாறும் பாருங்க, அதுக்காகத்தான் நான் வேலைக்கே வரேன்.”

மேலாளர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த பெண்ணை ஒரு தடவை பார்த்தார்.

“மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வந்து பார்க்கறேன். ஏழாவது வரிசைக்கு நீங்க நல்லபடியா போய் வந்தா இங்கேயே இருங்க. இல்லைன்னா மேலதான். சரியா?”

டக் டக் என்று போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை குடை விரிக்கும் நாள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை எழுபத்து மூன்று குடைகளையும் ஒன்று விடாமல் விரித்து மூட வேண்டும். இது மாமா வைத்த சட்டம். இருபது வருடமாக நடக்கிறது. பள்ளி விடுமுறை என்பதால் கொக்கியும் வந்துவிடுவாள். நிலையத்தில் அவளுக்குப் பிடித்த நாளே அதுதான். படக், படக், படக் என்று அறை முழுவதும் குடைகள் பூக்கும்.

அன்றைக்கு மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே குடைகளை விரித்து விரித்து மூடினார்.

எழுபத்து இரண்டு குடைகள் ஆயின. கடைசியாக ஒரு கறுப்புக் குடை, கயிறு மாட்டிய சக்கரத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. கொக்கி அதை இழுத்து எடுத்தாள். விரித்தாள். விரியவில்லை. இன்னும் பலமாக…

“ஏய், ஏய், இழுக்காதே! கம்பி உடைஞ்சிடும்!” மாமா கையை நீட்டிக் குடையை வாங்கிக்கொண்டார். “போன மாசம் இது நம்ம கண்ணுல படலை போல. விரிக்காம வச்சா இப்படித்தான். துரு பிடிச்சு ஒட்டிக்கும்.”

“நல்ல குடைதானே மாமா? யாரும் தொடக்கூட இல்லையே.”

“தொடாததுதான் பிரச்சினை. மழைக்கு எடுத்துட்டுப் போற குடை நல்லா இருக்கும். பத்திரமா மூலையில வச்சதுதான் கெட்டுப்போகும்.”

கொக்கி குடையைப் பார்த்தாள். மாமாவின் நாற்காலியைப் பார்த்தாள். தலைக்கு மேல் சுற்றி ஓடும் தன் கயிற்றைப் பார்த்தாள். அவளுக்குக் காது வரை சூடேறியது.

“மாமா.”

“என்னம்மா?”

“உங்களை நான் ஆறு வாரமா விரிக்காம வச்சுட்டேன்.”

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தன் முழங்கால்களைக் குனிந்து பார்த்தார். “டேய் பெரியவனே, இவ சொல்றது நிஜமாடா?”

கொக்கி ஏற்கனவே ஏணியில் ஏறிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள். மூன்று நாள் வேலை. அவிழ்க்க அரை மணிகூட ஆகவில்லை. அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சக்கரங்களை மட்டும் ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தினாள்.

திங்கட்கிழமை மாலை அவள் வந்தபோது அறை பளபளவென்று இருந்தது.

“எப்படி?” என்றார் மாமா, மார்பை நிமிர்த்திக்கொண்டு. “காலையில எழுந்தேன், வலியே இல்ல. இருபது வயசு குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. விடுவேனா? ஏழு வரிசையும் துடைச்சாச்சு. செருப்பெல்லாம் அடுக்கியாச்சு. கனமான பெட்டியெல்லாம் கீழேயிருந்து மேல ஏத்தியாச்சு!”

“ஒரே நாளிலயா?”

“ஒரே நாளில! நீதானே விரிக்கச் சொன்னே? விரிச்சுட்டேன்!”

செவ்வாய்க்கிழமை குடை மாமா வேலைக்கு வரவில்லை.

அவருடைய நாற்காலியில் விசாரணை கவுன்டர்காரர் உட்கார்ந்திருந்தார். யாரோ கறுப்புக் குடை கேட்க, பறவைக் கூண்டைக் கொடுத்து அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ஆறு மணிக்கு அம்மாவும் கொக்கியும் மாமாவின் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு தெரு தள்ளி, கீழ்த்தளத்தில் இரண்டு அறை வீடு. மாமாவும் அவருடைய தங்கையும் அங்கே இருந்தார்கள். தங்கைதான் கதவைத் திறந்தார்.

“வாங்க, வாங்க. உள்ளே படுத்திருக்கார் வீரர். மலையைப் புரட்டிட்டு வந்த களைப்பு.”

மாமா கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தார். பெரியவன் பன் மாதிரி வீங்கியிருந்தான். அவன் மேல் ஈரத்துணியில் சுற்றிய பனிக்கட்டிப் பை.

“சாரி மாமா” என்றாள் கொக்கி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. “நான்தான் கயித்தைக் கழட்டினேன்.”

“உன்மேல என்னம்மா தப்பு?” மாமா கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். இன்றைக்கு அவர் முழங்காலோடு விளையாடவில்லை. “உட்கார்ந்தாலும் வலிக்குது, நடந்தாலும் வலிக்குது. மேடம் சொன்னதுதான் சரி போல. முத்திரை குத்தப் போறேன்.”

“டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாரே, அதைக் கேளு அவர்கிட்ட” என்றார் தங்கை. “போன வருஷம். என்னென்ன பண்ணணும்னு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். எங்கே அது?”

மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “தொலைஞ்சு போச்சு.”

கொக்கியின் அம்மாவால் அடக்க முடியவில்லை.

“அண்ணே, ஊர்ல எல்லாரும் தொலைக்கறதை நீங்க கண்டுபிடிச்சுக் கொடுக்கறீங்க. உங்க சீட்டை நீங்களே தொலைச்சீங்களா?”

தங்கை சிரித்தார். மாமாவின் தோள் குலுங்கியது. வலியோடு வலியாக அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

கொக்கி சிரிக்கவில்லை. அவள் அந்தக் கறுப்புக் குடையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, சனிக்கிழமை ஒட்டிக்கிட்ட குடையை நீங்க எப்படி விரிச்சீங்க?”

“எங்கே விரிச்சேன்? இன்னும் முழுசா விரியலையே. எண்ணெய் போட்டு, ஒரு விரல் அளவு விரிச்சு மூடி, விரிச்சு மூடி வச்சிருக்கேன். தினமும் கொஞ்சம் பண்ணணும். ஒரேயடியா…” மாமா பேச்சை நிறுத்தினார்.

“ஒரேயடியா இழுத்தா?”

“…கம்பி உடைஞ்சிடும்” என்றார் மாமா மெதுவாக.

புதன்கிழமை கொக்கி தொலைந்த பொருள் விண்ணப்பம் ஒன்றை எடுத்து, முறைப்படி நிரப்பினாள்.

தொலைந்த பொருள்: டாக்டர் சீட்டு. நிறம்: வெள்ளை. தொலைத்தவர்: குடை மாமா. தொலைத்த இடம்: தெரியாது.

விசாரணை கவுன்டர்காரர் அதில் முத்திரை குத்திக் கொடுத்தார். “தேடிக்கோ தாயே. எனக்கு இங்க என் கண்ணாடியே கிடைக்கல.”

கண்ணாடி! கொக்கிக்குப் பொறி தட்டியது. மாமா எதைப் படிக்க வேண்டுமென்றாலும் முதலில் தன் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். கிடைக்காவிட்டால், தொலைந்துபோன கண்ணாடிகள் இருக்கும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்.

மூன்றாவது வரிசை, இரண்டாவது தட்டு, கண்ணாடிப் பெட்டி. முப்பது கண்ணாடிகளுக்கு அடியில், நான்காக மடித்த ஒரு வெள்ளைக் காகிதம்.

டாக்டரின் கையெழுத்து குண்டு குண்டாக, படிக்கிற மாதிரி இருந்தது. அதுவே ஒரு அதிசயம். ‘காலையில் எழுவதற்கு முன் படுக்கையிலேயே கால்களை மெல்ல மடக்கி நீட்டவும். விறைப்பாக இருந்தால் வெந்நீர்ப் பை. வீங்கினால் குளிர் ஒத்தடம். அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார வேண்டாம், கொஞ்சம் நடக்கவும். வலி கூடிய நாளில் பாதி நடை போதும். வீக்கம் இறங்காவிட்டால் என்னிடம் வரவும்.’

கடைசி வரியின் கீழ் டாக்டர் இரண்டு கோடு போட்டிருந்தார். ‘நல்ல நாளில் எல்லா வேலையையும் செய்துவிடத் தோன்றும். செய்யாதீர்கள்!’

வெள்ளிக்கிழமை வீக்கம் இறங்கி மாமா வேலைக்கு வந்தார். சீட்டைப் படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார்.

“இந்த டாக்டருக்கு என்னை எப்படித் தெரியும்?” என்று முனகினார். “சரி, அரை மணிக்கு ஒரு தடவைன்னு எழுதியிருக்கார். எனக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? கடிகாரம் வச்சா அது கத்தறப்போ நிறுத்திட்டு உட்கார்ந்துக்குவேன்.”

அப்போது வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. ‘ஏழாம் எண் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்.’

கொக்கி துள்ளி எழுந்தாள். “மாமா! ஏழாம் நம்பர்! அரை மணிக்கு ஒரு தடவை போகுதே! அதை உங்களால நிறுத்த முடியாதே!”

அன்றிலிருந்து அதுதான் சட்டம். ஏழாம் நம்பர் பஸ்ஸுக்கு அறிவிப்பு வந்தால், கையில் என்ன வேலை இருந்தாலும், மாமா எழுந்து ஏழாவது வரிசை வரை போய்த் திரும்ப வேண்டும். நல்ல நாள் என்றால் ஒரு சுற்று. வலி நாள் என்றால் நான்காவது வரிசையோடு திரும்பிவிடலாம். எவ்வளவு நல்ல நாளாக இருந்தாலும் ஒரே அறிவிப்புக்கு இரண்டாவது சுற்று கிடையாது. இதில் கொக்கி ரொம்பக் கண்டிப்பு.

“இன்னிக்கு நல்லாத்தான் இருக்கு. இன்னொரு ரவுண்டு?”

“டாக்டர் ரெண்டு கோடு போட்டிருக்கார் மாமா.”

“ஒரே ஒரு…”

“ரெண்டு கோடு!”

பொருள்களும் இடம் மாறின. கனமான பெட்டிகளை பஸ் கழுவுகிறவர் வந்து மேலேயிருந்து இறக்கி, இடுப்பு உயரத்தில் வைத்துக் கொடுத்தார். கழற்றி வைத்த சக்கரங்களை ஒரு பலகையின் அடியில் மாட்டினாள் கொக்கி. இனி எந்தப் பெட்டியையும் தூக்க வேண்டியதில்லை, தள்ளினால் போதும். குடைகள் ஏழாவது வரிசைக்குப் போயின.

“அதிகமா கேக்கறதைப் போய் அவ்வளவு தூரத்துல வைக்கறியே!”

“அதனாலதான் வைக்கறேன்” என்றாள் கொக்கி.

வலி போய்விடவில்லை. மூன்றாவது வாரம் ஒரு மழை நாளில் சின்னவன் முரண்டு பிடித்தான். மாமா நான்காவது வரிசையோடு திரும்பினார், வெந்நீர்ப் பையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார், அடுத்த அறிவிப்புக்கு மறுபடி எழுந்தார். மறுநாளும் வேலைக்கு வந்தார். அதை எல்லோரையும்விட அதிகமாகக் கவனித்தது கொக்கிதான்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை, டக் டக் சத்தம் வந்தது.

மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கொக்கி கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

“எப்படி இருக்கீங்க?” என்றார் மேலாளர்.

“இன்னிக்கு சுமாராத்தான் மேடம். பொய் சொல்லக் கூடாது.”

கொக்கி புத்தகத்துக்கு மேல் தலையைத் தூக்கினாள். இன்றைக்குப் பார்த்தா சுமாராக இருக்க வேண்டும்?

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒலிபெருக்கி கரகரத்தது. ‘ஏழாம் எண் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில்…’

மாமா நாற்காலியின் கைகளைப் பிடித்தார். “மன்னிச்சுக்கங்க மேடம். எங்க நேரம் வந்துடுச்சு. பெரியவனே, எழுந்திரு. சின்னவனே, வா.”

‘கடக்.’ கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நடந்தார்.

அதே நேரத்தில் ஓர் அப்பா, தோளில் அழுகிற குழந்தையோடு ஓடிவந்தார். “ஒரு துணி யானை! ஒரு காது இருக்காது! ஏழாம் நம்பர்ல போகணும், அஞ்சு நிமிஷம்தான் இருக்கு. இது யானை இல்லாம பஸ் ஏறமாட்டேங்குது!”

மேலாளர் பதறிப்போய் மாமாவின் நாற்காலியைப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. ஐந்தாவது வரிசையிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

“சாம்பல் நிறமா, நீலமா?”

“நீலம்!”

“வலது காதா, இடது காதா?”

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தது. தன் காது ஒன்றைத் தொட்டுக் காட்டியது.

மாமா வேகமாக வரவில்லை. ஓடவும் இல்லை. அலமாரியில் ஒரு கையை வைத்து, ஒவ்வொரு அடியாக, நிற்காமல் வந்தார். யானையைக் குழந்தையின் கையில் கொடுத்தார். அப்பா கையெழுத்துப் போட்டார். குழந்தையின் முகம் மாறியது. அதைப் பார்த்து மாமாவின் முகமும் மாறியது. ஏழாம் நம்பர் பஸ்ஸின் ஹாரன் கேட்டபோது அப்பாவும் குழந்தையும் யானையும் உள்ளே இருந்தார்கள்.

மேலாளர் மாமாவின் கால்களைப் பார்த்தார்.

“வலிக்குதா?” என்றார்.

“வலிக்குது மேடம். ஆனா போயிட்டு வர முடியுது.”

மேலாளர் தலையசைத்தார். சுவரில் ஒட்டியிருந்த டாக்டர் சீட்டின் பக்கம் போனார். மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். ‘அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார வேண்டாம்’ என்ற வரி வரும்போது அவருடைய ஒரு கை தானாக இடுப்புக்குப் பின்னால் போய் அழுத்திக்கொண்டது.

“மேல அந்த முத்திரை நாற்காலிக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். வாசல் வரை போனவர் நின்றார். “இந்த ஏழாம் நம்பர்… நாள் பூரா அரை மணிக்கு ஒரு தடவை போகுதா?”

“ஒரு நாளும் தவறாது மேடம்” என்றாள் கொக்கி.

அடுத்த சனிக்கிழமை குடை விரிக்கும் நாள். எழுபத்து மூன்றாவதாக அந்தக் கறுப்புக் குடையைக் கொக்கி எடுத்தாள். மெதுவாகத் தள்ளினாள். படக். கடைசிக் கம்பி வரை விரிந்தது.

அவள் அதை மாமாவிடம் சொல்வதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. மாமா எழுந்தார். வெளியே டக் டக் சத்தம் நெருங்கி வந்து, கவுன்டரைத் தாண்டி, அலமாரிகளுக்கு நடுவே அவரோடு சேர்ந்துகொண்டது.

பெரியவன் முனகினான். சின்னவன் இரண்டு தடவை முனகினான். ஆனாலும் இரண்டு பேரும் ஏழாவது வரிசை வரை போய்விட்டுத்தான் திரும்பினார்கள்.